புள்ளி இல்லாத அந்துப்பூச்சி

பூச்சி ஆபீசர் படத்தைப் பார்த்துச் சொன்ன சேதியை வெள்ளத்துரை ஸ்டுடியோ வாசலில் நின்றே சொன்னான். சரக்குக் கிட்டங்கியில் நிலாவாரை இலை மூடைகளை அரித்தது உள்ளூர் அந்துதானாம். சிறகில் புள்ளி இருந்திருந்தால் கப்பல் கோதுமையோடு வந்ததென்று சொல்லலாமாம். உள்ளூர் அந்து என்றால் மூடைக்குப் பூச்சிமருந்து தூவும் வெள்ளத்துரை மேல்தான் பழி. தூவாத வாரமே கிடையாது என்று அவன் மன்றாடியும், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று முதலாளி பால்துரை அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

ஸ்டுடியோ காசிலிங்கத்துடையது. வெள்ளத்துரை அவனுடைய தங்கை புருஷன். அவளுக்கோ இது நிறைமாசம். பூச்சியைப் படம் பிடித்தவனும் காசிலிங்கம்தான். தீப்பெட்டியில் வந்தது கோதுமை மணி அளவுகூட இல்லை, வெறுங்கண்ணுக்குப் புள்ளி ஏது? படம் எடுத்த கையோடு பொடிந்தும் போய்விட்டது.

வெள்ளத்துரையை வெளியே உட்கார வைத்துவிட்டு, இருட்டறைக்குள் போய் நெகட்டிவை விளக்கில் பிடித்தான். சிறகின் மேல் அவனுடைய பென்சில் தடம்; நெகட்டிவில் பென்சில் தடவிய இடம் படத்தில் வெளுத்துவிடும். பெண் பார்க்க அனுப்பும் படங்களில் அம்மைத் தழும்பையும் மருவையும் மூடி மூடிப் பழகிய கை, பூச்சிக்கும் முகம் திருத்தியிருந்தது. பாழாய்ப்போன கை. படம் சுத்தமாக இருக்கட்டும் என்றுதான் செய்திருந்தான், அதுதான் இன்னும் எரிந்தது. டர்பன்டைன் பஞ்சால் துடைத்துப் புதிதாகப் படம் போட்டான். சிறகுக்கு ஒன்றாகக் கறுப்புப் புள்ளிகள் தெளிந்து வந்தன.

கிட்டங்கியில் அண்ணாச்சி இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். காசிலிங்கம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். கோதுமையை நிலாவாரைக்குப் பக்கத்தில் அடுக்கச் சொன்னவர் அண்ணாச்சியே என்பதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

"எம்மவ கன்னத்து மருவ எடுத்த கைதான வே இது," என்றார் அவர். "அந்தப் படத்த நம்பி வந்த மாப்ள வீட்டார்ட்ட நான் வாங்குன ஏச்சு போதும். மருவ எடுக்கத் தெரிஞ்சவனுக்குப் புள்ளி வைக்கத் தெரியாதாக்கும்?"

காசிலிங்கம் நெகட்டிவை நீட்டினான். அவர் வாங்கவில்லை.

வெளியே வந்ததும், உள்ளே கூடவே நின்றிருந்த வெள்ளத்துரை காசிலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"எனக்காவ புள்ளிய வரஞ்சாவது பாத்தீகளே மச்சான். அது போதும்."

காசிலிங்கம் துறைமுகத்துப் பக்கம் திரும்பி நெகட்டிவை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். கறுப்பு வெள்ளையாய், வெள்ளை கறுப்பாய் மாறிக் கிடந்தது பூச்சி. இரண்டு புள்ளிகள் வழியாகவும் வெயில் வந்தது. வெள்ளத்துரை தலை நிமிராமல் நடந்துகொண்டிருந்தான்.