முத்துராஜா பந்தலில் போலந்துப் பாட்டு

கோம்பையில் முத்துராஜாவின் திராட்சைப் பந்தலுக்குள் போலந்துப் பாட்டு கேட்க ஆரம்பித்தது, பன்னீர் திராட்சை கிலோ நாற்பது ரூபாய்க்கு வித்த வருசம். வரப்பைத் தாண்டினால் கேட்காது. அனிதா மேரி டீச்சர் பாட்டுக்கு நேரா போனை நீட்டித் தேடிப் பார்த்து, பாடுறவர் பேரு ஸ்டெஃபான், கவிதையும் அவரே, மெட்டும் அவரே, இன்னும் உசுரோட இருக்காருன்னு சொல்லிட்டுப் போனாக. ஊர்சனம் சரிதான்னு மருந்தடிக்கப் போயிருச்சு. வயிறெரிஞ்சது முத்துராஜாவுக்கு மட்டும்தான். அவன் பெண்டாட்டி சங்கிலியம்மாளுக்கு அந்தப் பாஷை புரிஞ்சு தொலைச்சுச்சே!

பாட்டு முழுசாகவா வந்துச்சு? அந்த மனுசன் அங்கன உட்கார்ந்து கட்டக் கட்ட இங்கன கேட்டது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார், விட்டுருவார். சங்கிலியம்மாள் கொடியை இழுத்துக் கட்டிக்கொண்டே, "ரெண்டாவது அடி அவருக்கு ஒக்க மாட்டேங்குது, பாவம்" என்பாள். கட்டின புருசனுக்குக் காய்ச்சல்னா, கசாயம் அடுப்புல இருக்குங்கறதோட சரி. வருசங்கள் இப்படியே போச்சு. போலந்துக்காரருடைய அம்மா செத்த அன்னைக்கு வீட்டில் அடுப்பே எரியலை.

"எங்க ஆத்தா செத்ததுக்குக்கூட நீ இப்படி அழுகலையேடி!"

"உங்க ஆத்தாளைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை சொல்லி அழுதீகளா? அவரு சொல்லி அழுகுறாரு."

அன்றிலிருந்து முத்துராஜா, அவள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, பந்தலுக்கு நடுவில் நின்று மேலே பார்த்து வைவான். "ஏலே வெள்ளைக்காரா! எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதாண்டா! அவளையும் இழுத்துக்கிட்டா நான் யாருகூடடா பேசுவேன்?" தொண்டை கட்டும்வரை வைதுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு தண்ணி பாய்ச்சப் போவான்.

போன கார்த்திகையில் டீச்சர் மறுபடி போனோடு வந்தாக. போலந்தில் பெரிய அரங்கு, ஸ்டெஃபானோட புதுப் பாட்டு. கோட்டுப் போட்ட கூட்டம் ஒன்று வரிசையாக நின்று பாடுகிறது: ஏலே வெள்ளைக்காரா, எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதாண்டா. கோம்பைத் தமிழ்தான், இழுவைகூட மாறலை. கேட்ட சனமெல்லாம் எழுந்து நின்னு கண்ணைத் துடைக்குது. சங்கிலியம்மாள் கடைசிவரை கேட்டாள். புருசனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இம்புட்டையும் உள்ளுக்குள்ள வச்சுக்கிட்டா எங்கிட்ட உப்புக் கம்மி, உப்புக் கம்மின்னு திரிஞ்சீக?"

முத்துராஜாவுக்கு மூஞ்சியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

இப்போதும் பாட்டு வருது. மோட்டாரை அமத்திவிட்டு ரெண்டு பேரும் பந்தலுக்கடியில் சேர்ந்தே உட்காருறாக. "அந்த இடத்துல இன்னுங் கொஞ்சம் இழுக்கணும்யா" என்று முத்துராஜா மேலே பார்த்துச் சொல்வான். அங்கிருந்து அவர் இழுத்துப் பாடிக் காட்டுவார்.