உறைந்த ஊசி

தெருவில் எல்லோரும் அவனைக் 'கூலிங்' என்றுதான் கூப்பிடுவார்கள். யார் வீட்டு ஃப்ரிட்ஜ் மக்கர் செய்தாலும் முதல் போன் அவனுக்குத்தான். அப்பேர்ப்பட்டவன் தன் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு பேயறைந்தாற்போல் நின்றான்.

கையில் இருந்தது மனைவியின் ஊசி மருந்து. பேனா மாதிரி இருக்கும். தொடையில் வைத்து அழுத்தினால் போதும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளை எதிரியென்று நினைத்துத் தாக்குகிற நோய் அவளுக்கு. இந்த மருந்து வந்த பிறகுதான் விரல்கள் மறுபடி மடங்கின. அடுத்த ஊசிக்கு நாள் நெருங்கும்போதே இறுகத் தொடங்கிவிடும். நாளைக் காலை அவள் அழகு நிலையத்து வேலைக்குத் திரும்ப வேண்டும். முடி வெட்டக் கத்தரி பிடிக்க வேண்டிய கை.

பேனாவின் சின்னக் கண்ணாடி வழியே பார்த்தான். உள்ளே பனி கட்டியிருந்தது.

கைங்கரியம் அவனுடையதுதான். கோடையில் அடிக்கடி கரன்ட் போகிறதே என்று நேற்றுக் குளிரை உச்சத்தில் வைத்தான். அப்படி வைத்தால் கரன்ட் போனாலும் தாங்கும் என்பது வாடிக்கைக்காரர்களுக்கு அவன் சொல்லித்தரும் வித்தை. கரன்ட் போகவேயில்லை. மருந்துப் பெட்டி, ஃப்ரிட்ஜில் குளிர் அதிகம் பிடிக்கும் பின்சுவரை ஒட்டிக் கிடந்தது.

போடுவதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுத்து வைப்பது வழக்கம். இன்றும் மேசைமேல் வைத்தான். அவள் குளித்துவிட்டு வந்து உட்கார்வதற்குள் பனி கரைந்து, மருந்து பளிங்காகத் தெளிந்துவிட்டது. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

"ஊசி எனக்கா, உங்களுக்கா? மூஞ்சி இப்படி வெளுத்துக் கிடக்கு," என்றாள்.

"இது உறைஞ்சு போச்சு. நான்தான் கூலிங்கை ஏத்தி வச்சேன்."

அவள் பேனாவை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். நன்றாகத்தானே இருக்கிறது, போட்டுவிடுங்கள் என்றாள். அவன் ஒரேயடியாக மறுத்தான். ஆஸ்பத்திரி நர்ஸைப் போனில் பிடித்துக் கேட்டான். உறைந்த மருந்து கரைந்தாலும் போடக் கூடாது, புதிது வர ஒரு வாரமாகும் என்றார் அந்த அம்மா.

மனைவி ஏசவில்லை. ஏசியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அழகு நிலையம் நடத்தும் அக்காவைப் போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, மருந்து இன்னும் வரலைக்கா. வர ஒரு வாரம் ஆகுமாம்."

அந்தப் பக்கம் அக்கா பொரிந்து தள்ளினார். எத்தனை தடவை இதே சாக்கு, நாளைக்கே வேறு ஆளைப் போட்டுவிடுகிறேன் என்றார். இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாளே தவிர, புருஷனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அவன் போனை வாங்கினான்.

"மருந்து வந்துச்சுக்கா. ஃப்ரிட்ஜ்ல வச்சுக் கெடுத்தது நான். இவ மேல தப்பில்லை."

நிஜமாகவா என்று கேட்டார் அக்கா. பிறகு, கத்தரி வேண்டாம், கடைக்கு வருகிற போன்களை எடுத்துப் பேசிக்கொண்டு உட்காரட்டும் என்றார். ஒரு வாரம்தான், அதற்குமேல் தன்னால் பொறுக்க முடியாது என்றும் சொல்லி வைத்தார்.

மறுநாள் காலை அவளால் சட்டைப் பட்டனைப் போட முடியவில்லை. அவன் எதிரே மண்டியிட்டு, சுருண்டு கிடந்த அவள் கையை நிமிர்த்தி முதலில் கைப்பட்டனைப் பிடித்தான்.

"வலிச்சா சொல்லு."

"வலிக்குது. போடுங்க, நேரமாச்சு."