திரை மூடியிருந்த நேரம்

...அதுவும் அந்தப் பொன்னாடையை முதுகுப் பக்கமாகப் போயா போர்த்த வேண்டும், முன்னால் நின்று கையைக் கூப்பிவிட்டுக் கொடுத்திருந்தாலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும், இல்லை, முன்னால் எப்படிப் போவது, முன்னால் வயலின்காரர்கள் அல்லவா இருந்தார்கள், ஐயோ, நடந்ததெல்லாம் நடந்து முடிந்த பிறகு இதைப் போய் யோசிக்கிறேனே என்று அருட்பிரகாசம் ரயில் கண்ணாடியில் நெற்றியை அழுத்திக்கொண்டார். எதிர் இருக்கையில் மகள் துஷ்யா. மடியில் ஒபோப் பெட்டி. ஒபோ என்பது ஒரு குழல்தான், நாதஸ்வரத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று காண்கிற சனத்துக்கெல்லாம் அவரே சொல்லித் திரிந்தவர், இப்போது அந்தப் பெட்டியைப் பார்க்கக்கூட முடியவில்லை. நாடக அரங்கிலிருந்து ஸ்டேஷன் வரை நடந்து வந்து ரயிலேறி இவ்வளவு நேரத்துக்கும் பிள்ளை வாயே திறக்கவில்லை. ஏசினால் நல்லது, ஏசினால் ஏசி முடிந்துவிடும், பேசாமல் இருந்தால் அது எப்போது முடியும்? தொய்யன் ஸ்டேஷன் கழிந்து ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் பங்குனி வெயில் முகத்தில் அடித்தது. சட்டைப்பைக்குள் போன் அடித்தது. மனைவி சிறிதேவிதான், முதியோர் இல்லத்தில் வேலை முடிந்திருக்கும், எப்படிப் போனது என்று கேட்பாள், பொன்னாடையைத் தேடி குறொன்லாண்ட் கடைத்தெரு முழுக்க அலைந்து வாங்கியவளும் அவள்தானே. போன் அடித்து ஓய்ந்தது. துஷ்யா அவர் சட்டைப்பையைப் பார்த்துவிட்டு மறுபடி வெளியே பார்த்தாள்.

அவர்கள் குடியிருக்கும் புருசெத்தில் எந்தத் தமிழ் விழா நடந்தாலும் பொன்னாடை விஷயம் அருட்பிரகாசத்தின் பொறுப்பு, அது ஊரறிந்த சங்கதி. திரை மூட வேண்டும், உள்ளே கதிரை இழுக்கிற சத்தம் கேட்க வேண்டும், சனம் எழும்பித் தேத்தண்ணிக்குப் போகுமுன் அந்த இடைவெளிக்குள் குருவைப் பிடித்து முன்னால் நிறுத்திப் போர்த்திவிட வேண்டும், பின்னால் ஏதோ ஒரு வீணை நாடா ஓடிக்கொண்டிருக்கும், அதை யார் கேட்கிறார்கள், கேட்பதற்காகவா அதைப் போடுகிறார்கள்... ஒருமுறைகூடப் பிந்தியதில்லை, பிந்தியவர்களை அவரே மேடைக்குப் பின்னால் நிறுத்திக் கடிந்திருக்கிறார், சபை நாகரிகம் தெரியாதா என்று கேட்டிருக்கிறார். ஊருக்குப் படிப்பித்த வாய். இன்றைய நாடகத்துக்கென்றே ஒருவர் இருந்து காட்சிக்குக் காட்சி எழுதிய இசை என்று துஷ்யா சொன்னாளே, போன கிழமை சாப்பாட்டு மேசையில், என்னவோ சொன்னாளே... “அப்பா, முதல் அங்கம் முடிஞ்சு திரை மூடினாலும் நாடகம் நிக்காது. மகன் கடலிலை போயிட்டான் எண்டு அந்தத் தாய் கேள்விப்பட்ட இரவு, அதை ஒருத்தரும் நடிக்கிறேல்லை. நாங்கள்தான் வாசிக்கிறம். அதிலை என்ரை ஒபோ கொஞ்ச நேரம் தனிய வரும்.” ஓம், ஓம் என்றார். தொலைக்காட்சியில் ஊர்ச் செய்தி போய்க்கொண்டிருந்தது. காதால் கேட்டவர் மனத்தால் கேட்கவில்லை, செய்தி முடிந்ததும் அவர்களை வாசிக்க வைக்கிற ரீச்சருக்கு என்ன நிறத்தில் பொன்னாடை எடுக்கலாம் என்று கேட்டார், அவள் சிரித்தாள், வேண்டாம் என்று சொன்னாளா, சொல்லவில்லையா? சொல்லியிருந்தாலும் அதை உபசாரம் என்றுதான் எடுத்திருப்பார், நம்மவர்கள் வேண்டாம் என்று சொல்லித்தானே வாங்குகிறார்கள்.

திரை மூடியது. மேடைக்குக் கீழே, சனத்தோடு சனமாக, ரீச்சர் மரித் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று இசை நடத்தும் கோலை உயர்த்தினார், இசை தொடங்கியது, மெதுவாக, கேட்டும் கேட்காமலும். வீணை நாடா! இவர்களிடமும் அப்படி ஒன்று இருக்கிறதே என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது அவருக்கு. விளக்குகள் முழுதாகப் போடப்படவில்லை, ஒருவரும் எழும்பவில்லை, ஒருவர் இருமக்கூட இல்லை, இத்தனை அடையாளம் இருந்தும் அவருக்கு உறைக்கவில்லை, நல்ல ஒழுங்கான சனம் என்றுதான் நினைத்தார், உறையைப் பிரித்தார், அந்தச் சரசரப்பு, அது எத்தனை வரிசைக்குக் கேட்டிருக்கும்... நடந்தார். சிவப்புப் பொன்னாடை, அகலச் சரிகை. வயலின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன, நல்லதாயிற்று, நமக்கு வழி விடுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு விரித்து, கோல் பிடித்த கையும் சேர்ந்து மூடும்படி, மரித்தின் தோளில் போட்டார். அந்த நொடியில் ஒரேயொரு ஒலிதான் சபையில் இருந்தது, அது துஷ்யாவின் ஒபோ, அது நின்றது. பின்னால் யாரோ சிரித்தார்கள், நாடகத்தில் ஒரு பகுதி என்று நினைத்தார்களோ என்னவோ. மரித் திடுக்கிட்டுத் திரும்பி அவரைப் பார்த்தார், கோபமில்லை, ஒன்றும் விளங்காத பார்வை, பிறகு பொன்னாடைக்குள்ளிருந்து கையை இழுத்தெடுத்துத் துஷ்யாவைப் பார்த்து மறுபடி கோலை அசைத்தார். பிள்ளை மூச்சை இழுத்த சத்தம் அவருக்குக் கேட்டது. வாசித்தாள். பிசகில்லாமல்தான் வாசித்தாள், ஆனால் அந்த இரவு போய்விட்டது, அது அவருக்கே தெரிந்தது, மகனை இழந்த அந்தத் தாயின் இரவுக்குள் அவர் சரிகையோடு நுழைந்துவிட்டார்.

அதோடு நின்றிருந்தால் தாங்கலாம். யானைக்கும் அடி சறுக்கும், தெரியாமல் செய்த பிழை, கொஞ்ச நாளில் சிரிக்கவும் செய்யலாம். ஆனால் கறுப்புச் சட்டை போட்ட அந்த வாசல்காரப் பெண் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய், தண்ணீர் தந்து, நோர்வேஜிய மொழியில் மிகவும் பணிவாகத்தான் கேட்டாள், உள்ளே வாசிக்கிறவர்களில் உங்களுடைய ஆள் யாராவது இருக்கிறார்களா என்று. நை என்றார். இல்லை, எனக்கு இங்கே ஒருவரையும் தெரியாது என்றார். தண்ணீரைக் குடித்துக்கொண்டே சொன்னார். பெற்ற பிள்ளை சுவருக்கு அந்தப் பக்கம். ஏன் சொன்னார்? அவளுக்காகத்தானே, இந்த மனிதன் யாருடைய தகப்பன் என்று அவளை ஒருவரும் கேட்கக்கூடாது என்றுதானே? அப்படித்தான், ஓம், அப்படித்தான், வெளி மண்டபத்து மர வாங்கில் நாடகம் முடியும்வரை குந்தியிருந்து அதைத்தான் தனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார்.

த்வைத்தா ஸ்டேஷன் போனது. துஷ்யா வெளியே பார்த்தபடியே சொன்னாள், “இடைவேளைக்கு அந்த வாசல்காரப் பிள்ளை எங்களிட்டை வந்து கேட்டவ அப்பா. பாவம், ஆரோ ஒரு வயசான மனிசன், தனக்கு இஞ்சை ஒருத்தரையும் தெரியாதெண்டு சொல்லுறார், உங்களுக்குத் தெரியுமோ எண்டு.” அவர் கண்ணாடியிலிருந்து நெற்றியை எடுத்தார். “எல்லாரும் ஆளையாள் பாத்தவை. நான் எழும்பி, தெ ஆர் பப்பா எண்டு சொன்னனான். என்ரை அப்பா எண்டு. எல்லாருக்கும் முன்னாலை.” பெட்டியின் கொளுவியைத் திறந்து மூடினாள். “பொன்னாடையை விடுங்கோ அப்பா. நீங்கள் ஏன் என்னை இல்லையெண்டனீங்கள்?”

“உனக்கு வெக்கமா இருக்கும் எண்டுதான், பிள்ளை.”

ஆயத்தமாக இருந்த பதில், தடங்கலில்லாமல் வந்தது. வந்த பிறகு, தன் காதாலேயே கேட்ட பிறகுதான் தெரிந்தது, பொய். தண்ணீர்க் கோப்பையோடு நின்ற அந்த நேரம் துஷ்யா அவர் நினைவிலேயே இல்லை, அவளுக்குக் கேவலம், அவளுக்குச் சிரிப்பு என்ற நினைப்பெல்லாம் பிறகு வாங்கில் குந்தியிருந்து சோடித்தது, அப்போது இருந்தது தன் முகம் ஒன்றுதான், அதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்பதுதான். துஷ்யா எழும்பி வந்து பக்கத்தில் இருந்தாள். கண் கலங்கியிருந்தது. “நானும் அப்பிடித்தான் நினைச்சனான்,” என்று அவர் கைக்குள் கையைக் கொடுத்தாள். நம்பிவிட்டாள். இல்லைப் பிள்ளை, அது அப்படியில்லை என்று சொல்லிவிட வேண்டும், இப்போதே, இவள் இப்படிப் பக்கத்தில் இருக்கும்போதே... சொன்னால் பிள்ளைக்கு நோகுமே, இப்போதுதானே மனம் ஆறியிருக்கிறாள், அவளுக்காகவாவது பேசாமல் இருப்போமே என்று நினைத்தவர், அவளுக்காகவா, மறுபடியும் அவளுக்காகவா என்று திடுக்கிட்டார். புருசெத் வந்தது. கதவு திறந்தது. அவள் கையை விடாமல் இறங்கினாள், அவரும் ஒன்றும் சொல்லாமல் கூடவே இறங்கினார்.