முன்பக்கம் திறக்கிற கவுன்

தலை உள்ளே போய்விட்டது, இடது கையும் போய்விட்டது. வலது கைதான் போகவில்லை. புதுக் கவுனுக்குள் பாதி முகம் மூடியபடி சிலேஷே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மகள் லோம்பே ஒரு பக்கம் துணியை இழுத்தாள். கணவர் கசோண்டே மறுபக்கம் நின்று, அசைவில்லாத அந்தக் கையை மடக்கிக் குறுகலான சட்டைக்கைக்குள் நுழைக்கப் பார்த்தார். தோள்மூட்டில் என்னவோ பிசகியது. துணிக்குள்ளிருந்து வந்த சத்தம் அழுகையா கத்தலா என்று தெரியவில்லை. "இழுக்காதீங்கப்பா, அம்மாவுக்கு மூச்சு முட்டுது" என்று லோம்பே பதறினாள். மேலே ஏற்றவும் முடியவில்லை, கீழே இறக்கவும் முடியவில்லை. கசோண்டே அலமாரியில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்தார். மணிக்கட்டில் தொடங்கிக் கழுத்துவரை ஒரே வெட்டு. வியர்வையோடு முகம் வெளியே வந்தது. சிலேஷே அவரைப் பார்க்கவில்லை. வாய் பிளந்து தொங்கிய புதுத்துணியைத்தான் பார்த்தாள்.

அன்று புதன்கிழமை. சனிக்கிழமை லோம்பேக்குச் சமையலறை விருந்து. கல்யாணத்துக்கு முன்னால் பெண்கள் மட்டும் கூடி, மணப்பெண்ணுக்குப் பானையும் களி கிண்டுகிற துடுப்பும் புத்திமதியும் கொடுத்து, ஆடித் தீர்க்கிற நாள். ஆம்பளைக்கு வாசலோடு சரி. உறவிலும் தேவாலயத்திலுமாக முப்பத்தெட்டுப் பெண்கள், எல்லாருக்கும் ஒரே நீலத்தில் மஞ்சள் பூப்போட்ட சித்தேங்கே என்கிற அச்சுத்துணி, எல்லாவற்றையும் தைப்பது சந்தையில் ஒரே தையல்காரர். அவர் இன்னும் பாதிகூட முடிக்கவில்லை. வெட்டிய கவுனை அவரிடம் கொண்டுபோனால் கல்யாணம் முடிந்துதான் கிடைக்கும்.

"அப்பாவோட பெரிய டி-சர்ட்டப் போட்டு, கீழ சித்தேங்கே சுத்திக்கலாம்மா. யாரு என்ன சொல்லப்போறாங்க?" என்றாள் லோம்பே.

"பொண்ணக் குடுக்கிறவ முன்வரிசையில டி-சர்ட்டோட உட்காருவாளா?" பக்கவாதம் வந்ததிலிருந்து அவள் பேச்சு நனைந்த துணிபோல் இழுபட்டுத்தான் வந்தது. ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விடமாட்டாள். "நான் வரல. உங்க அத்தை உட்காரட்டும்."

ஏழு மாதமாக அவள் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. போகாததற்குக் காரணம் கால் அல்ல, உடுப்புதான் என்பது கசோண்டேக்கு அன்றுதான் உறைத்தது. அவளுடைய கவுன்கள் எல்லாம் அவளே தைத்தவை, உடம்போடு ஒட்டியவை, முதுகில் ஜிப் வைத்தவை. காலையில் அவளுக்கு உடுத்திவிடுவது மல்யுத்தம் மாதிரி இருந்தது. அதனால்தான் அவருடைய டி-சர்ட்டுகள் இரண்டை மாற்றி மாற்றி அணிந்தபடி, ஜன்னல் பக்கமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவரும் அதை வசதி என்று விட்டுவிட்டார். விடிகாலை நாலு மணிக்கு மினிபஸ்ஸை எடுத்தால் கப்வேக்கும் கபிரி ம்போஷிக்கும் நாலு நடை. சில நாள் கபிரியில் வண்டி நிறைந்த பிறகும், இன்னும் ஒருத்தர் வரட்டும் என்று மரவள்ளிக் கிழங்கைக் கடித்துக்கொண்டு சும்மா நிற்பார். வீடு என்பது அவருக்கு ஐந்தாவது நடையாகிவிட்டிருந்தது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று மாலை சிலேஷே வெகுநேரம் அந்தக் கவுனை மடியில் வைத்து இடது கையால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "இவ்வளவு வெட்டினீங்க இல்ல, மிச்சத்தையும் வெட்டுங்க" என்றாள்.

"என்ன சொல்ற?"

"முன்பக்கம். கழுத்திலேர்ந்து அடிவரைக்கும் நேரா. கோட்டு மாதிரி பின்னாலேர்ந்து போட்டுக்கிற மாதிரி."

"அப்புறம் யார் தைக்கிறது?"

"பதினெட்டு வருஷமா பஸ் ஓட்டுறீங்க. ஊசியை ஓட்ட முடியாதா?"

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து, சோளக்களியும் காய்ந்த மீனும் ஊட்டிவிட்டு, கவுனின் முன்பக்கத்தை அடிவரை வெட்டிவிட்டு உட்கார்ந்தார். கவுனோடு கொடுத்த தலைக்கட்டுத் துணியைச் சட்டைக்கைக்கு ஒட்டுத்துண்டாக வெட்டச் சொன்னாள். நல்ல பக்கமும் நல்ல பக்கமும் முகம் பார்த்து இருக்க வேண்டும், ஓரத்திலிருந்து ஒரு விரல் தள்ளித் தைக்க வேண்டும், முதலில் பெரிய பெரிய ஓட்டுத்தையல் போட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிறகு அதன்மேல் கெட்டித்தையல். சொல்லும்போது எளிதாகத்தான் இருந்தது. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன விரல்களுக்கு ஊசி இருப்பதே தெரியவில்லை. நூல் காதில் நுழைய ஐந்து தடவை நக்கினார். ஒரு மணிநேரம் குனிந்து தைத்து நிமிர்ந்தபோது முதுகு ஒடிந்தது. துணியை எடுத்துக் காட்டினார். சட்டைக்கை, கவுனின் முதுகோடு சேர்ந்து வந்தது. இரண்டையும் சேர்த்துத் தைத்திருந்தார்.

"நல்ல சாக்கு. அரை மூட்டை மாவு பிடிக்கும்" என்றாள் சிலேஷே. "பிரிங்க."

கசோண்டே துணியைக் கட்டிலில் எறிந்தார். "என்னால முடியல சிலேஷே. நாலு மணிக்கு எழுந்தவன். வண்டியில நாள்பூரா கத்தல், இங்க வந்தா… நானும் மனுஷன்தானே."

"எனக்கும்தான் முடியல" என்றாள் அவள். "நான் எங்க போய் எறியறது?"

பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவர் துணியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, பிளேடு நுனியால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். தைத்ததைவிடப் பிரிப்பதற்கு நேரம் ஆனது.

வெள்ளிக்கிழமை மூன்று நடையோடு வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். சிலேஷே மேசைப் பக்கம் நாற்காலியை நகர்த்தச் சொன்னாள். மூலையில் போர்த்திக்கிடந்த கைமெஷினைத் தூக்கி மேசையில் வைக்கச் சொன்னாள். வலது கையால் கைப்பிடியைச் சுற்றி, இடது கையால் துணியை விடுகிற பழைய மெஷின். அதை அவர் ஒருநாளும் தொட்டதில்லை.

"எனக்கு இடது கை இருக்கு" என்றாள். "சுத்துறதுக்குத்தான் ஆள் இல்ல."

அவர் அவளுக்கு வலப்பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கைப்பிடியைப் பிடித்ததும் ஒரே சுழற்று. துணி தலைதெறிக்க ஓடி, நூல் அறுந்தது.

"எந்த ஊருக்கு டிக்கெட் ஏத்தினீங்க? மெல்ல. நான் நிறுத்துன்னா நிறுத்தணும்."

"நீ வாயைத் திறந்து நிறுத்துன்னு சொல்றதுக்குள்ள ஒரு முழம் போயிடுதே."

அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். வலது கால், கையளவுக்கு மோசமில்லை. முழங்காலால் அவர் முழங்காலை இடித்தால் நிறுத்தம், இரண்டு இடி என்றால் புறப்பாடு. கண்டக்டர் தகரத்தைத் தட்டுகிற மாதிரி. அது அவருக்கு உடனே பிடிபட்டது. லோம்பே கரி இஸ்திரிப் பெட்டியால் ஓரத்தை இரண்டு மடிப்பாகத் தேய்த்துக் கொடுத்தாள். சிலேஷேயின் இடது கை துணியின்மேல் தட்டையாகப் படர்ந்து, இழுக்காமல் தள்ளாமல் ஊசிக்குக் கீழே கொண்டுபோய் விட்டது. அந்தக் கைக்கு எல்லாம் நினைவிருந்தது. ஒட்டுத்துண்டு சேர்ந்தது, சட்டைக்கை அகலமானது. கழுத்துக்குத் துணியைக் குறுக்கே கோணலாக வெட்டிப் பட்டி வைத்தார்கள். நேராக வெட்டியிருந்தால் வளைவில் சுருங்கிவிடும் என்றாள். கடைசியாகக் கீழ்மடிப்பு. நீளமான சுற்று, ஒரே மாதிரிச் சத்தம். பாதியில் கசோண்டேயின் தலை தொங்கியது. கண் மூடிவிட்டது, கை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் இடித்தும் நிற்கவில்லை. விழித்தபோது தையல் மடிப்பைவிட்டு இறங்கி வெறும் துணியில் நடந்துபோயிருந்தது.

"பிரிக்கவா?" என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "வேணாம். இருக்கட்டும்."

பொத்தான் வைத்தால் ஒரு கையால் போட முடியாது. கட்டுநாடாவும் ஆகாது. கசோண்டே யோசித்துவிட்டு, வண்டி ஓட்டும்போது இடுப்பில் கட்டுகிற முதுகுப் பட்டையை எடுத்துவந்து அதில் அழுத்தினால் ஒட்டி இழுத்தால் பிரிகிற வெல்க்ரோ பட்டையை வெட்டினார்.

"திங்கக்கிழமை முதுகுக்கு என்ன பண்ணுவீங்க?"

"வலிக்கும். இப்ப மட்டும் வலிக்காமலா இருக்கு?" ஆறு துண்டாக நறுக்கி வைத்தார். அவற்றைத் தைத்து முடித்தபோது பாபினில் நூல் தீர்ந்திருந்தது.

சனிக்கிழமை முதலில் வலது கையைச் சட்டைக்கைக்குள் விட்டார். இழுபறி இல்லாமல் போனது. பிறகு முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து இடது கை. முன்பக்கத்தை மூட அவர் குனிந்தபோது சிலேஷே அவர் கையைத் தட்டிவிட்டாள். முதல் பட்டை கோணலாக ஒட்டியது, பிரித்தாள். இரண்டாவது சரியாக விழுந்தது. வெளியே வண்டியில் லோம்பே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாள். கசோண்டே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். உதவாமல் நிற்பது உதவுவதைவிட அலுப்பாக இருந்தது. ஆறாவது பட்டையை அழுத்திவிட்டு அவள் மூச்சு வாங்கினாள்.

"மத்த அஞ்சு கவுனையும் வெட்டணும்" என்றாள்.

"இன்னைக்கே சொல்லணுமா அதை?"

விருந்து அவர் அக்காவின் வீட்டில். கேட்டுக்கு வெளியிலேயே முரசுச் சத்தம் கேட்டது. வண்டி நின்றதும் ஏழெட்டுப் பெண்கள் குலவையிட்டபடி ஓடிவந்தார்கள். அக்கா சிலேஷேயின் கவுனை மேலும் கீழும் பார்த்து, "இது என்ன மோஸ்தர்? எங்களுக்கு மட்டும் மூட்டை மாதிரி தைச்சுக் குடுத்திருக்கான் அந்தத் தையல்காரன்" என்று சத்தமாகச் சொன்னாள்.  சிலேஷேயை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். கசோண்டே இரண்டடி எடுத்து வைத்ததும், "நீ எங்கடா வர்ற? ஆம்பளைங்களுக்கு ரோட்டோரம்தான்" என்று அக்கா கேட்டைப் பாதி சாத்தினாள்.

அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் சாய்ந்தபோது முதுகுக்குப் பிடிப்பில்லாமல் இருந்தது. மதியம் வரை தூங்கலாம் என்றுதான் நினைத்திருந்தார். கேட்டின் இடைவெளி வழியாக முற்றம் தெரிந்தது. நீலத்தில் மஞ்சள் பூ எழுந்தது, குனிந்தது, சுழன்றது. எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே பூ. அவளை எங்கே உட்காரவைத்திருக்கிறார்கள் என்று தேடினார். ஏழு மாதத்தில் முதல்முறையாக, அவள் எங்கே இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. ஸ்டியரிங்மேல் கைகளை வைத்து, கைகளின்மேல் தாடையை வைத்து, அந்த ஒரு முழ இடைவெளியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.