இருபத்தஞ்சாம் நாள் பூட்டு

எனக்கு வாய் நீளம். அது ஊரறிஞ்ச விஷயம். ஆனா என் தம்பிகிட்ட அதைக் காட்டியிருக்க வேண்டாம்.

வருஷக் கடைசியில ஒரு இணையதளம் இருபத்தஞ்சு நாளைக்குத் தினம் ஒரு புதிர் போடும். புரோகிராம் எழுதித்தான் விடுவிக்கணும். விடை ஒரு எண். எங்க ரெண்டு பேருக்கும் பொழப்பே புரோகிராம் எழுதுறதுதான், அதனால போட்டி. எழுதினதைப் பூட்டி அனுப்பிக்குவோம். அன்னைக்கு விடைதான் சாவி. தானே போட்டு முடிக்காம அடுத்தவர் எழுதினதைப் பார்க்க முடியாது. முடிச்சதும் போன்ல, "என்னடா இது, பூனை இழுத்த நூல்கண்டாட்டம்?"னு கேட்பேன். "உன்னோடது மட்டும் ரொம்ப ஒழுங்கோ?"ம்பான்.

பதினெட்டாம் நாள் அவனோடதைத் திறந்தா, நான் எழுதின அதே கோணல் வரி. எண்ணும்போது ஒண்ணு கூட்டி வச்சுக்கிட்டு, கடைசியில அந்த ஒண்ணைக் கழிக்கிறது. வேற யாரும் அப்படி எழுத மாட்டாங்க. அன்னைக்குக் காலையில அவன் என் வீட்டுக்கு வந்திருந்தான். லேப்டாப் மேசையில திறந்தே கிடந்தது. எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு.

"காப்பியடிச்சுட்டு என்கிட்டயே காட்டுறியே, வெட்கமா இல்ல?"

"சத்தியமா நானே எழுதினது, அக்கா."

போனை வச்சுட்டேன்.

அவன் பாட்டுக்குப் பத்தொன்பது, இருபதுனு பூட்டி அனுப்பிக்கிட்டே இருந்தான். நான் புதிரையே தொடலை. அவனா வந்து மன்னிப்பு கேட்கட்டும்னு வீம்பு. ரெண்டு மாசம் கழிச்சு, ஆபீஸ் படிக்கட்டுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. முப்பத்தொன்பது வயசு.

"அண்ணி, உங்களுக்குள்ள என்னதான் சண்டை? கேட்டா சிரிச்சு மழுப்பிடுவார்"னு அவன் பொண்டாட்டி கேட்டா.

அதுக்கப்புறம்தான் உட்கார்ந்தேன். ஒவ்வொரு புதிரா போட்டு, ஒவ்வொரு பூட்டா திறந்தேன். ஆறு கோப்புலயும் முதல் வரி ஒண்ணேதான்: "அக்கா, முடிச்சுட்டியா? கூப்பிடு."

இருபத்தஞ்சாவது திறக்கலை. என் விடை சரினு தளமே சொல்லுது, பூட்டு மசியலை. நாலு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் பக்கத்துல அம்மா ஜாக்கெட்டுக்குத் துணி வெட்டிக்கிட்டிருந்தாங்க. வழக்கம்போல அளவுக்கு மேல ஒரு விரற்கடை விட்டு வெட்டி, அதை மடிச்சுப் பிடிச்சாங்க. சின்ன வயசுல நாங்க ரெண்டு பேரும்தான் அவங்களுக்குத் துணியைப் பிடிச்சு அளந்து கொடுப்போம். "ஒண்ணு கூட்டி விடுங்க, கடைசியில எடுத்துக்கலாம்"பாங்க.

என் விடையோட ஒண்ணைக் கூட்டிப் போட்டேன். திறந்துடுச்சு.

அவன் எழுதினப்போ அது நான் தொடாத புதிர். பார்த்து எழுத அவனுக்கு என்கிட்ட ஒரு வரிகூட இல்லை. பாவி, என்ன பேச்சுப் பேசிட்டேன்!

உள்ளே எழுதியிருந்தான்: "அக்கா, விடை தப்புனே வருது, எனக்கு வந்த எண்ணையே சாவியாப் போட்டிருக்கேன். எங்கேனு தெரியலை. நீ பார்த்துச் சொல்ற வரைக்கும் இப்படியே விட்டு வைக்கிறேன்."

"கழிக்க மறந்துட்டடா"னு சத்தமாவே சொன்னேன்.

அம்மா கத்தரிக்கோலை வச்சுட்டு நிமிர்ந்து பார்த்தாங்க. "யார்கிட்டடி பேசுற?"