மகள், பி.இ., பெங்களூர்

அப்பாவின் வலது காதை வெட்டி எடுப்பதற்குள் லோகப்பிரியாவுக்கு மணிக்கட்டு விட்டுப்போனது. டேப்லெட்டில் போட்டோவைப் பெரிதாக்கி, காதோர நரைமுடியை ஒவ்வொன்றாக, பின்னாலிருந்த கல்யாண மண்டபத்து சீரியல் லைட்டிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் கூடத்தில், அதே காது, தாடையைச் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணிக்குள் ஃப்ரீசர் பாக்ஸில் கிடந்தது. நேற்றுச் சாயங்காலம் வீட்டை ஒட்டிய லேத்துப் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த தம்பிதுரை, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துபோயிருந்தார்.

அவளுடைய அண்ணன் மதன்குமார் மூன்றாவது தடவையாக எட்டிப் பார்த்தான். ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர் ஒன்பது மணிக்குள் படம் வேண்டும் என்கிறாராம். கொஞ்சம் வெள்ளையாக்க முடியுமா என்றான். அப்புறம், ஒரு கோட்டு மாட்டிவிட்டால் எடுப்பாக இருக்குமே என்றான்.

"அவரு ஆயுசுல கோட்டு போட்டிருக்காராண்ணா?"

"எல்லாரும் போடறாங்க பாப்பா. இந்தக் கணபதி ஏரியாவுல செத்தவங்க பாதிப் பேருக்குக் கோட்டு போட்டுத்தான் கட்டியிருக்கறாங்க."

அவள் மாட்டவில்லை. கோட்டு கிடக்கட்டும், போட்டோவே உருப்படியாக இல்லை. அப்பாவுக்கென்று தனியாக ஒரு படம் அந்த வீட்டில் கிடையாது. கிடைத்தது அன்னூர்க் கல்யாணம் ஒன்றில் எடுத்தது. யாரோ ஒருத்தர் இவர் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறார். கையை எடுத்தால் தோளும் போய்விடும். இல்லாத தோளை அவள்தான் வரைய வேண்டியிருந்தது. சட்டையின் தையல், துணியின் மடிப்பு, நாற்பது வருஷம் மெஷின் மேல் குனிந்தே நின்றதில் வலது தோள் மட்டும் ஒரு விரற்கடை இறங்கியிருக்குமே, அந்தச் சரிவு. வரைந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியக் கூடாது. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அழுகை வரும் என்றுதான் நினைத்தாள். வந்தது ஆத்திரம்.

பின்னே என்ன? இன்ஜினியரிங் மூன்றாம் வருஷத்தை அப்படியே விட்டுவிட்டு, வரையப்போகிறேன் என்று வந்து நின்றபோது இந்த மனுஷன் அடிக்கவில்லை, திட்டவில்லை. "செரி" என்று சொல்லிவிட்டு மெஷின் சுவிச்சைப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். பதினோரு வருஷம் ஓடிப்போயிற்று. போத்தனூரில் ஒரு மாடி அறை, அதில் பாதியில் இவள், பாதியில் பிரிண்ட் எடுக்கிற தோழி இல்மா. விடிகாலை ஐந்து மணிக்கு நிப்பை மையில் தொட்டால் ஒன்பது வரைக்கும் பேச்சு கிடையாது. பட்டறைகளில் பென்சிலால் பிடித்துவந்ததை மையில் ஏற்றுவாள். ஒரு படம் தேறுவதற்குள் எட்டுத் தாள் குப்பைக்குப் போகும். வரைவதெல்லாம் லேத்து, ட்ரில்லிங் மெஷின், கழற்றிப்போட்ட மோட்டார். மயிலையும் மாட்டுவண்டியையும் வரைந்தாலாவது விற்கும் என்று புத்தி சொல்லாத ஆள் இல்லை. அவள் கேட்கவில்லை. நெட்டில் போட்டாள், பார்சல் கட்டினாள், புத்தகத்துக்கு அட்டை போட்டாள், யார் கம்பெனி வாசலிலும் போய் நிற்காமல் ஒரு பெயரைச் சம்பாதித்தாள். கொச்சியிலும் சென்னையிலும் கண்காட்சி வைத்தபோது அழைப்பிதழை அப்பா கையிலேயே கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். என்ன கண்ணு வரையறே என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டதில்லை. இந்த வீடு அவளுக்குக் கொடுத்திருக்கிற முதல் வேலையே இப்போது இதுதான்.

படத்தை மதனின் போனுக்கு அனுப்பிவிட்டுப் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பத்து மணிக்கு ஃப்ளெக்ஸ் வந்தது. சந்து முனையில் கரண்டு கம்பத்துக்கும் எதிர்வீட்டு கேட்டுக்கும் நடுவில் கட்டினார்கள். பார்க்க வேண்டாம் என்றுதான் இருந்தாள். ஆனால் தன் கை பட்ட ஒன்றைத் தள்ளி நின்று பார்க்காமல் இருக்க அவளுக்கு வராது. தோள் பிரமாதமாக வந்திருந்தது. வெள்ளைச் சட்டையில், போட்டோ எடுக்கிறவன்மேல் கொஞ்சம் எரிச்சலோடு, அப்பா அப்பாவாகவே இருந்தார். அந்தத் திருப்தியோடு கண் கீழே இறங்கி, 'துயரத்தில் வாடும் குடும்பத்தார்' என்ற வரிக்கு வந்தது. பெயர்களையெல்லாம் மதன்தான் அனுப்பியிருந்தான்.

மனைவி செல்லாத்தாள். மகன் மதன்குமார், டி.எம்.இ. மருமகள் அக்ஷயா, எம்.காம். மகள் லோகப்பிரியா, பி.இ., சாஃப்ட்வேர் இன்ஜினியர், பெங்களூர்.

திரும்ப ஒருமுறை படித்தாள். அவள் பெயர்தான். இன்னொரு லோகப்பிரியா அந்த வீட்டில் இல்லை.

பந்தல் போடுகிறவர்களோடு நின்ற மதனைப் பட்டறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாள். அவன் மழுப்பவில்லை. அப்பா பதினோரு வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். கல்யாணம், காதுகுத்து, கோயில் பொங்கல், எங்கே யார் கேட்டாலும் மகள் பெங்களூரில் கம்பெனியில் இருக்கிறாள். கொரோனா வந்த பிறகு வீட்டிலிருந்தே வேலை. இங்கே டவுன்ஹால் பக்கம் அவளைப் பார்த்தோமே என்று யாராவது சொன்னால், லீவில் வந்திருக்கிறாள். மதனுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், அக்ஷயாவுக்குக்கூடத் தெரியும்.

"அவரு சொன்னதை நான் எப்புடி மாத்தறது? அதும் இன்னைக்கு?" என்றான்.

"என்ர பேருக்குப் பக்கத்துல இருக்கறது நான் இல்லீங்கண்ணா."

"பத்து மணி நேரம் தொங்கப்போற ஃப்ளெக்ஸு. அதுக்குப்போய்."

அம்மாவிடம் போனாள். தலைமாட்டில் பாக்ஸின் மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்த செல்லாத்தாள், அந்தக் கையால் இவள் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். இன்னைக்கு ஒரு பொழுது கண்ணு, சாயங்காலமானா அவுத்துப்போடுவாங்க, மனுசன் மானத்தோட போகட்டும் என்றாள். மானமாம்! மகள் வரைந்து பிழைத்தால் போய்விடுகிற மானம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அம்மாவின் கை ஐஸாகச் சில்லிட்டிருந்தது. சரி என்று தலையை ஆட்டிவிட்டு, வெளியே பந்தலில் ஒரு நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்தாள். சூலூர் மாமா வராமல் இருந்திருந்தால் அப்படியே விட்டுத்தான் இருப்பாள்.

சூலூர் மாமா அம்மாவுக்குச் சித்தப்பா மகன். மாலையைப் போட்டுவிட்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தவர், அவளைப் பார்த்ததும் நின்றார். கொங்குச் சீமையில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். ஒன்றுமில்லாதபோது 'வா அம்மணி' என்கிறவர்கள், மனசில் வைத்துக்கொண்டால் 'வாங்க' என்பார்கள். இந்தச் சொந்தக்காரர்கள் கொஞ்ச வருஷமாகவே அவளை 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுகிறார்கள். படிப்பைப் பாதியில் விட்டவள், கல்யாணம் வேண்டாம் என்றவள், அதனால் என்று அவளாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

"பெங்களூர்லிருந்து எப்ப வந்தீங்க?" என்றார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். அவர் மகன் நிதீஷ் திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டானாம். சின்னக் கம்பெனிதான், பரவாயில்லை, வயிறு நிறைகிறதாம்.

"ரெண்டு தடவை அவன் பயோடேட்டாவை மச்சான்கிட்டக் குடுத்துவிட்டேனுங்க. ஆள் எடுக்கறதில்லைன்னு நீங்க சொல்லிப்போட்டதா வந்து சொன்னாரு. பெரிய எடத்துல இருக்கறவங்க சொந்தம் பந்தம்னு பாத்தா ஆகுங்களா? எனக்கொண்ணும் வருத்தமில்லீங்க."

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. வேறே யாராவது கொடுத்தார்களா என்று கேட்டாள். இது என்ன கேள்வி என்பதுபோல் பார்த்துவிட்டு, மாமா விரலை மடக்க ஆரம்பித்தார். அன்னூர்ப் பெரியப்பா பேரன். சென்னிமலைக்காரர் மகள். சாமியாத்தாள் அத்தையின் பேத்தி. ஏழெட்டுப் பேர். அத்தனை பேருக்கும் இவள் முடியாது என்று சொல்லியிருக்கிறாள்.

அப்படியா சங்கதி. கோயில் பொங்கலன்று அத்தை ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அன்னூர்க் கல்யாணத்தில் பந்திக்கு ஏன் ஒருத்தரும் கூப்பிடவில்லை, எல்லாம் இப்போது வரிசையாக வந்து நின்றது. பெங்களூர்க்காரி ஒருத்தி இவள் பெயரையும் முகத்தையும் வைத்துக்கொண்டு, சொந்தக்காரப் பிள்ளைகளின் சோற்றில் மண்ணை அள்ளிப்போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறாள். இவளோ போத்தனூர் மாடியில் உட்கார்ந்து கோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

விறுவிறுவென்று உள்ளே போனாள். பாக்ஸின் கண்ணாடியில் பனி பூத்திருந்தது. உள்ளங்கையால் துடைத்தாள்.

"இப்புடி ஒரு பொண்ணே எனக்கு இல்லைன்னு சொல்லியிருக்கலாமில்லீங்கப்பா. அது எவ்வளவோ தேவலைங்களே."

சத்தமாகவே சொன்னாள். ஒப்பாரி சட்டென்று நின்றது. காலையிலிருந்து கல்லாக இருந்த மகள் இப்போதுதான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு யாரோ முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். அந்தக் கையை உதறிவிட்டு வெளியே வந்தாள்.

ஸ்கூட்டர் டிக்கியில் பெயின்ட் மார்க்கர்கள் எப்போதும் கிடக்கும். வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று எடுத்துக்கொண்டாள். பந்தலிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கம்பத்தடியில் போட்டு ஏறினாள். பி.இ. போயிற்று. சாஃப்ட்வேர் போயிற்று. பெங்களூர் ஒரு பூச்சில் மறையவில்லை. காயவிட்டு இரண்டாவது பூச்சு பூசினாள். அதன்மேல் கறுப்பில் 'ஓவியர், போத்தனூர்' என்று எழுதத் தொடங்கினாள். கீழே சந்தே கூடிவிட்டது. உடம்பெல்லாம் கோபத்தில் கொதித்தாலும், அடித்திருந்த எழுத்தின் தடிமனுக்கும் உயரத்துக்கும் பிசகாமல்தான் கை போயிற்று. அதைக் கெடுக்க அவளால் முடியவில்லை.

மதன் ஓடிவந்தான். எழவு ஊட்டுல மானத்தை வாங்காதே, எறங்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். கடைசி எழுத்து முடியும்வரைக்கும் அவள் இறங்கவில்லை. இறங்கியபோது எதிரில் சூலூர் மாமா நின்றார்.

"நான் பெங்களூருக்கு ஒருக்காகூடப் போனதில்லீங்க மாமா. உங்க நிதீஷ் பயோடேட்டாவைக் கண்ணால பாத்ததில்லை. வரையறேன். அதுதான் என்ர வேலை."

மாமா ஃப்ளெக்ஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, மறுபடியும் வீட்டுக்குள் போய் பாக்ஸைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார்.

ஒன்றரை மணிக்கு எடுத்தார்கள். வாய்க்கரிசி போடும்போதும் அவளுக்குக் கோபம் ஆறியிருக்கவில்லை. போட்டாள். ஆண்கள் வண்டியோடு மின்மயானத்துக்குப் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள், ஒவ்வொருத்தராகத் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். அம்மா உள்ளறையில் சுருண்டு படுத்துவிட்டாள். லோகப்பிரியா ஈரத் தலையோடு பந்தலில் வந்து உட்கார்ந்தபோது, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அப்பாவின் அக்கா சாமியாத்தாள் உட்கார்ந்தாள். மூன்று வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத அத்தை.

"படம் போடறயாமா?"

"ஆமாங்க."

"காட்டு, பாக்கலாம்."

இந்த வீட்டில் இதைக் கேட்ட முதல் ஆள். தம்பி சொன்னது பொய்யா என்றோ, பேத்தியின் பயோடேட்டா என்னாயிற்று என்றோ அத்தை கேட்கவில்லை. லோகப்பிரியா டேப்லெட்டைத் திறந்து மடியில் வைத்தாள். அத்தையின் ஈர விரலுக்குத் திரை நகரவில்லை. முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தள்ளினாள்.

"இது தம்பியோட மெஷினு."

"ஆமாங்க."

"இதும் அதுதான்." அடுத்ததைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்தாள். "ஆளைக் காணோமே அம்மணி? ஒண்ணுலகூடத் தம்பி இல்லை."

சென்னைக் கண்காட்சியில் இதைத்தான் பெரிய மனிதர்கள் மெச்சினார்கள். ஆளில்லாத மெஷின்கள் என்று அதற்கு என்னென்னவோ அர்த்தம் சொன்னார்கள். அவளும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தையிடம் அந்தக் கதையெல்லாம் சொல்ல வாய் வரவில்லை.

"நான் நோட்டைத் தூக்கிட்டுப் பட்டறைக்குள்ள போனா, அவரு சுவிச்சை அமத்திப்போட்டு வெளிய போயிருவாருங்க அத்தை. டீ குடிக்கறேம்பாரு. ஒரு நாளுகூட நின்னதில்லை."

அத்தை மறுபடியும் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள். மெஷினின் மற்றப் பாகமெல்லாம் கத்தி வைத்துக் கீறிய மாதிரி கூர்மையாக இருந்தது. இரும்பைக் கவ்விப் பிடித்துச் சுற்றுகிற சக்கு மட்டும் மெல்லிய கோடுகளாக, வட்டம் வட்டமாகக் கலங்கியிருந்தது. அத்தை அதன்மேல் விரலை வைத்தாள்.

"இது ஏன் இப்புடி இருக்குது?"

"சுத்திட்டிருக்குதுங்க. அவரு சுவிச்சை அமத்திப்போட்டுப் போனாலும் அது நிக்கக் கொஞ்ச நேரமாகுமில்லீங்க. மொதல்ல அதைத்தான் வரைவேன்."

அத்தை விரலை மறுபடியும் முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுத்த படத்தைத் தள்ளினாள். அதிலும் சக்கு சுற்றிக்கொண்டிருந்தது.