டைடியின் பக்கம்

காபி ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் வெண்டலுக்கு உறைத்தது. கோப்பை வழிந்து விரலைச் சுட்டது.

வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து டேப்பில் வந்த மென்பொருள் கருவிகளை அன்று காலை கல்லூரியின் யூனிக்ஸ் இயந்திரத்துக்கு ஏற்றபடி திருத்தி ஏற்றியிருந்தான். எல்லாம் நன்றாகத்தான் ஓடின. அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்று திரையில் சொல்லும் கையேட்டுப் பக்கங்களை மட்டும் உள்ளூர்ச் சரக்குக்கான தனி டைரக்டரியில் வைக்காமல், இயந்திரத்தோடு வந்த பக்கங்கள் இருக்கும் டைரக்டரியில் கொட்டிவிட்டான். வந்த கருவிகளில் ஒன்றின் பெயர் டைடி.

போன குளிர்காலத்தில் இறந்துபோன ஆரின் எழுதிய கருவியின் பெயரும் டைடிதான். கோணலாக நிற்கும் எண்களை வரிசைக்குக் கொண்டுவரும். அதன் பக்கத்தை அவரும் விதியைப் பார்க்காமல் அங்கேதான் வைத்திருந்தார். இயந்திரத்தோடு வந்தவைதானே என்று அந்த டைரக்டரிக்கு யாரும் காப்பு நகல் எடுப்பதில்லை.

அதே பெயரில் புதுப் பக்கம் மேலே விழுந்ததில் ஆரினின் மூலம் அழிந்துவிட்டது. ஆனால் கடைசியாக ஒருவர் படித்தபோது இயந்திரம் திரைக்கேற்ப வடித்துவைத்த நகல் பக்கத்து டைரக்டரியில் இருக்கும். இனி யாராவது டைடியைக் கேட்டால், மூலம் புதிதாக இருப்பதைப் பார்த்து, புதுப் பக்கத்தை வடித்து அந்த நகலின்மேலேயே எழுதிவிடும். படித்தால் போச்சு.

முன்னறையில் வேலை பார்க்கும் ஆரினின் மனைவி மார்லிஸ் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்குக் கிளம்புமுன் அதைப் படிப்பாள். இன்று வெள்ளி.

வெண்டல் ஓடினான்.

"மார்லிஸ், கீபோர்ட விட்டுக் கைய எடுங்க."

"என்னப்பா, கொள்ளையடிக்க வந்தியா?" அவள் கையைத் தூக்கினாள். ஒரு கையில் கம்பளியுறை மாட்டியாகிவிட்டது. "சீக்கிரம் அடி. சர்ச்சுல மீன் வறுவல் தீந்துடும்."

திரையில் கட்டளை முழுதாக நின்றது. என்டர் தட்டுவதுதான் பாக்கி. வெண்டல் அதை அழித்து, பக்கத்து டைரக்டரிக்குப் போய், அந்த நகலை வேறு பெயரில் பிரதி எடுத்தான். பிறகு அதைத் திறந்தான். அடியில், 'குறைகள்' என்ற தலைப்பின் கீழ், ஆரினின் வரிகள் அப்படியே இருந்தன:

கோணலானதை நேராக்கும். எழுதியவனை நேராக்கத் தெரியாது. அதற்கு மார்லிஸைக் கேட்கவும்.

வெண்டல் நாற்காலியில் சரிந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். "என் தப்புதான். பாக்காம கொட்டிட்டேன்."

மார்லிஸ் திரைப்பக்கம் குனிந்தாள்.

"அவனும் அங்கதான் வெச்சிருந்தானா?"

"ஆமா."

"வீட்லயும் அப்படித்தான். சாக்ஸ் ரொட்டி டப்பா மேல கெடக்கும்." கம்பளியுறையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இது வடிச்ச நகல்தான். மூலத்தத் திரும்ப அடிக்கணும், வடிவக் குறியெல்லாம் போட்டு. நான் அடிச்சிர்றேன்."

"அவன் பக்கத்தயெல்லாம் யார் அடிச்சதுன்னு நெனச்ச? நகரு."

"மீன் வறுவல்?"

"மீன் எங்கயும் போகாது. ஏற்கெனவே செத்ததுதான."

கோட்டைக் கழற்றிப் போட்டாள்.

"ஒரே பேர்ல ரெண்டு இருக்கே," என்றான் வெண்டல்.

"புதுசா வந்தது பேர மாத்திக்கட்டும்."

அவன் இன்னொரு திரையின் முன் உட்கார்ந்து புதியதற்கு வேறு பெயர் வைத்தான். கொட்டிய பக்கங்களை ஒவ்வொன்றாக உள்ளூர் டைரக்டரிக்கு நகர்த்தினான். வெளியே பனி பெய்யத் தொடங்கியிருந்தது. பின்னால் கேட்டுக்கொண்டிருந்த விசைச் சத்தம் ஓரிடத்தில் நின்றது. அவன் திரும்பவில்லை. சத்தம் மறுபடி தொடங்கியது.

"முடிஞ்சுது. எங்க வெக்கணும், காட்டு."

காட்டினான். அவளே வைத்தாள்.

"இப்பப் படிக்கலாமா?"

"எத்தன தடவ வேணாலும்."

மார்லிஸ் கட்டளையை அடித்து, என்டரைத் தட்டினாள். குறைகளில் ஆரினின் வரிகளுக்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது:

கேட்டுப் பார்த்தாயிற்று. அவளுக்கும் தெரியாது.